பலகையின் முன்பக்கம்

ஈரத் துணியோடு அவள் பலகையின் முன்பக்கம் வந்து நின்றாள்.

இத்தனை நாளும் அதன் முதுகைத்தான் பார்த்திருக்கிறாள்.

நான்குவழிச் சாலையில், நடுத்தடுப்பை ஒட்டிய பாதியை அடைத்துத் தார் போடுகிறார்கள். சக்கரம் வைத்த அந்த மின்பலகை, வருகிற வண்டிகளைப் பார்த்து நிற்கும். அதற்குப் பின்னால் சிவப்புக் கொடியோடு அவள். அவளுக்கும் பின்னால், வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தபடி அவள் கணவன் தீர்த்தகிரியும் மற்றவர்களும்.

தூசி படிந்து எழுத்தே தெரியவில்லை, துடைத்துவிட்டு வா என்று சூப்பர்வைசர் அனுப்பியிருந்தார்.

துடைத்தாள்.

மேலே, ‘வேலை நடக்கிறது. மெதுவாகச் செல்லவும்.’

கீழே, ‘உங்கள் வேகம்.’ அதற்குப் பக்கத்தில் வெறும் கறுப்பு. வண்டி வந்தால்தான் எண் வரும் போலிருக்கிறது.

வந்தது. பச்சை பஸ்.

அறுபத்தெட்டு என்று காட்டியது. பிறகு எழுபத்தைந்து. மெதுவாகப் போ என்று எழுதியிருந்தால் குறையத்தானே வேண்டும்? பலகை கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தாள்.

எண்பத்தொன்பது.

படிக்கட்டில் தொங்கிய பையன்கள் எண்ணைச் சேர்ந்து கத்தினார்கள். ஜன்னல்களிலிருந்து கைதட்டல். கண்டக்டர் செல்போனை வெளியே நீட்டிப் பலகையைப் படம் பிடித்தான்.

“தொண்ணூத்தி நாலுண்ணே! இன்னிக்கு செவப்பு பஸ்ஸு காலி!”

பஸ் போய்விட்டது. கிளம்பிய தூசி, அவள் துடைத்த இடத்திலேயே வந்து உட்கார்ந்தது.

அவள் அசையாமல் நின்றாள்.

அந்தக் கைதட்டல் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பச்சை பஸ்ஸிலிருந்து வரும். அதன் பின்னாலேயே வருகிற சிவப்பு பஸ்ஸிலிருந்தும் வரும். வெயிலில் வேகிறவர்களைப் பார்த்து உற்சாகப்படுத்துகிறார்கள், நல்ல பிள்ளைகள் என்று நினைத்திருந்தாள். கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதிலுக்குக் கையும் ஆட்டியிருக்கிறாள். சோறு தின்னும்போது தீர்த்தகிரியிடமும் சொன்னாள். மறுநாளிலிருந்து அந்த மனுஷன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறான். தார் வேலைக்கு நல்ல சட்டை!

தட்டியதெல்லாம் பலகையில் ஏறிய எண்ணுக்குத்தான். வெட்கமாக இருந்தது. வெட்கம் போய்க் கோபம் வந்தது.

கோபத்துக்குப் பின்னால் பயம் வந்தது. அது போகவில்லை.

திரும்பிப் பார்த்தாள். அனல் தாங்காமல் காதோடு சேர்த்துத் துண்டைக் கட்டியிருந்தான் தீர்த்தகிரி. ரோலர் சத்தத்தில், ஹாரன் அடித்தாலும் அவனுக்குக் கேட்காது. அவனுக்கும் பஸ் போகிற தடத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் கூம்புகள் வரிசையாக நின்றன. லாரி ஒன்று போனால் அந்தக் காற்றுக்கே சாய்ந்துவிடுகிற கூம்புகள்.

சிவப்பு இப்போது வரும். தொண்ணூற்று நாலு என்ற செய்தி இந்நேரம் அதற்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

கொடியை ஆட்டலாம். தினமும் ஆட்டுகிற கொடிதான்.

சாமான்களை மூடியிருந்த நீலத் தார்ப்பாயை உருவினாள். துடைக்கிற நேரம் தவிரப் பலகையில் கை வைத்தால் வேலை கிடையாது என்று முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார்கள். எண் வருகிற இடத்தின்மேல் தார்ப்பாயைப் போட்டாள். மூன்று முனைகளைக் கட்டினாள். நாலாவதற்குக் கயிறு இல்லை. கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

தூரத்தில் சிவப்பு தெரிந்தது.

இரைச்சல் நெருங்கியது. முனையை விடவில்லை.

இரைச்சல் குறைந்தது.

இன்னும் குறைந்தது.

படிக்கட்டுப் பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர்ந்து ஊர்ந்து வந்த பஸ் அவள் பக்கத்தில் ஏறக்குறைய நின்றேவிட்டது. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினான். இத்தனை நாளில் அவன் முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள். அவளுடைய தம்பி வயதுதான் இருக்கும்.

“என்னக்கா, போர்டு வேல செய்யலியா?”

பாவம், நிஜமாகவே ஏமாந்துபோயிருந்தான்.

“செய்யுது சாமி. அதான் மூடிப் புடிச்சிருக்கேன். அங்க எங்க வூட்டுக்காரரு குனிஞ்சிக்கினு இருக்காரு.”

அவன் முன்னால் பார்த்தான். குனிந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். பஸ் முதல் கியரிலேயே நகர்ந்தது. உள்ளே யாரும் கை தட்டவில்லை.

விசிலை ஊதிக்கொண்டு சூப்பர்வைசர் ஓடி வந்துகொண்டிருந்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. பஸ்ஸின் பின்சக்கரம் தீர்த்தகிரியைத் தாண்டுகிறவரை தார்ப்பாயின் முனையைப் பிடித்தபடியே நின்றாள்.