சாவி கொடுத்த பிறகு

ஜன்னல் கம்பிகளில் ஒன்பது வருடமாகப் பின்னிக் கிடந்த மணி பிளாண்ட்டை எப்படிக் கொண்டுபோவது என்று அமலிக்குத் தெரியவில்லை. வீடு மாற்றித் தரும் கம்பெனிக்காரர், "செடி ஏத்த மாட்டோம்மா" என்றுவிட்டார். "அப்ப கம்பெனி வேணாம், நாமளே வண்டி பிடிச்சு எல்லாத்தையும் ஏத்திக்கலாம்" என்றாள் கணவனிடம்.

"உன் செடிக்காக நான் பீரோ தூக்கணுமா? ஒரு கணு வெட்டித் தண்ணியில வச்சாப் போதும். கணுவுலதான் வேர் விடும்" என்றான் சவரி.

"திருடி வச்சாத்தாங்க அது வளரும். இதையே ரெண்டு பேரும் திருடித்தானே வச்சோம். நம்ம செடிய நாமளே எப்படித் திருடுறது?"

சவரி யோசித்தான். கம்பெனி லாரி கிளம்பியதும் சாவியை ஹவுஸ் ஓனரிடம் கொடுத்தான். "இப்ப செடி அவருது" என்று அமலியின் காதில் சொன்னான். பிறகு இருவரும் ஜன்னலுக்கு வெளியே நின்று, கம்பி வழியே நீட்டியிருந்த கொடியைக் கணுவுக்குக் கீழே வெட்டினார்கள்.