இரண்டாவது தட்டு

உலகம் அழிந்த பிறகு நடக்கும் வீடியோ கேம் அது. அதற்காக எஸ்தர் வடிவமைத்த பாதாள அறையில் சாப்பாட்டுத் தட்டுகள் இரண்டு இருந்தன, எலும்புக்கூடு ஒன்றுதான். விளையாடிப் பார்த்தவர்கள் துப்பாக்கிகளைக்கூட எடுக்காமல் மணிக்கணக்கில் இன்னொரு ஆளைத் தேடினார்கள்.

“இன்னொரு எலும்புக்கூட்டையும் எங்கயாவது போட்டுடுங்க எஸ்தர். தேடுறவனுக்கு ஒரு முடிவு வேணும்ல?” என்றான் குழுத் தலைவன் ஜெரால்டு.

காணாமல்போய் ஏழு வருடமான கணவரின் தட்டை இன்றைக்கும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்திருந்தாள் எஸ்தர். திரையில் இரண்டாவது எலும்புக்கூட்டைக் கட்டிலில் கிடத்திப் பார்த்தாள்; படிக்கட்டில் சாய்த்துப் பார்த்தாள். எங்கே வைத்தாலும் அது அவராகவே இருந்தது. அதை அழித்துவிட்டு, அறையின் இரும்புக் கதவைத் தாழ் நீக்கித் திறந்துவைத்தாள்.

ஜெரால்டு பதறினான். “கதவத் தொறந்துட்டீங்களே! வெளிய விஷக்காத்துன்னுதானே கதையே?”

“அந்தக் காத்துலதானே ஜெரால்டு அவரு நிக்கிறாரு” என்றாள்.