ஆல்டாவிஸ்டாவில் தேடிய மாமனார்

பிரின்சியைப் பெண் பார்க்க ஜெரினும் அவன் அப்பா சகாயராஜும் அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

"இவரு இருபது வருஷமா துபாய்ல கம்ப்யூட்டர் வேலைங்க. போன வாரந்தான் வந்தாரு" என்றாள் பிரின்சியின் அம்மா அந்தோணிமேரி, கணவர் தோமினிக்கைப் பேசவிடாமல்.

"எங்க கம்பெனியப் பத்தி நெட்லயே பாக்கலாம் அங்கிள்" என்றான் ஜெரின்.

தோமினிக் உற்சாகமானார். "ஆல்டாவிஸ்டாலதானே? இன்னைக்கே தேடிடறேன்."

அந்தோணிமேரி அவசரமாகக் காபித் தட்டை நடுவில் நீட்டினாள்.

"அதை மூடிப் பல வருஷமாச்சு அங்கிள்! இப்ப எல்லாரும் கூகுள்தான்." ஜெரின் சிரித்தான்.

சகாயராஜ் சிரிக்கவில்லை. தோமினிக்கைத் தனியே வாசலுக்கு அழைத்துப் போனார்.

"துபாய் இல்லைங்களே?"

தோமினிக் தலைகுனிந்தார்.

"எந்த ஜெயிலுங்க? நான் கோயமுத்தூர் ஜெயில்ல இருந்தேன். வெளிய வந்த அன்னைக்கு நானும் ஆல்டாவிஸ்டாவத்தான் கேட்டேன். பையன் இன்னமும் சிங்கப்பூர்னு நம்பிட்டிருக்கான்."