போக ஒன்று, வர இரண்டு

தோள்பட்டை இரண்டும் கழன்று விழுவதுபோல் வலித்தது உதோமுக்கு. முந்தின நாள் மாலைவரை பீங்கான் ஆலையில் களிமண் மூட்டை சுமந்துவிட்டு, விடிய லம்பாங்கில் முதல் பஸ் ஏறியிருந்தான்.

வழியில் ஒரு நிமிஷம்கூடக் கண்ணை மூடவில்லை.

சியாங் மாய் பஸ் நிலையத்தை ஒட்டியிருந்தது அந்தக் கடை. முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலைப்பக்கம் சுற்றப் போகிறவர்களுக்குப் பயணம் போட்டுக் கொடுக்கிற இடம். சுவர் முழுக்க மலை வரைபடம். மேசைக்குப் பின்னால் சுனி மிளகாய்ப்பொடியில் தொட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தாள்.

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தான். நோட்டிலிருந்து கிழித்தது. நனைந்து காய்ந்து மொடமொடத்துப் போயிருந்தது.

மகள் துவானின் கையெழுத்து. மூன்று நாள் பயணம். எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, எந்தக் குகை, எந்தக் கடையில் நூடுல்ஸ், எல்லாம் எழுதியிருந்தாள். மூன்றாம் நாளுக்கு ஒரே வரி: அப்பாவுக்கு மலைப்பூண்டு இரண்டு கட்டு.

"பொண்ணு போட்டதா மாமா? என்னைவிட நல்லாப் போட்டிருக்கு. விட்டா என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுரும் போல."

உதோம் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. காய்ப்பு ஏறிய விரலை இரண்டாம் நாள்மேல் வைத்தான். பாங் மாபா.

"இங்க இருக்கா. கூட்டியாரணும். ரெண்டு நாள்தான் லீவு, அதுக்குள்ள வீட்டுல சேத்துரணும்."

"ஓ, அம்மணிக்கு அங்கயே எடம் புடிச்சுப்போச்சா? போறவங்க பாதிப்பேரு அப்படித்தான் மாமா. கையில ஒரு காப்பி, காலுக்குக் கீழ மலை. அப்பன் நெனப்பு எங்க வரும்?"

அவன் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சுனி மளமளவென்று சொல்லிக்கொண்டு போனாள். காலை வேன், மத்தியானம் பாங் மாபா, மறுநாள் திரும்பல். ஒரு நாள் கூடக் கிடைத்தால் நடுவழியில் வெந்நீர் ஊற்றில் தோளை ஊறப்போடலாம், மாமா நிற்கிற நிற்பே சரியில்லை என்றாள்.

"வர்றப்ப எங்கயும் தங்கக் கூடாது. பகல் வண்டியா இருக்கணும். போக ஒரு டிக்கெட். வர ரெண்டு, பக்கம் பக்கமா." கொஞ்சம் நிறுத்தினான். "வழியில எத்தன பாலம் வரும் தாயி?"

"என்ன மாமா, அந்த ரோட்டுல எத்தன வளைவுன்னுதான் எல்லாரும் கேப்பாங்க, வாந்திக்குப் பயந்துக்கிட்டு. நீங்க என்னடான்னா பாலத்த..."

அவள் பேச்சு அங்கேயே நின்றது.

தாளைப் பிடித்திருந்த அவன் இடது உள்ளங்கையில் பேனாக் கோடுகள். நிமிர்ந்த கோடு நான்கு, குறுக்கே ஒன்று, பக்கத்தில் தனியாக நான்கு. மூட்டை எண்ணுகிற கணக்கு. லம்பாங்கிலிருந்து இங்கே வரை ஒன்பது பாலம்.

சுனியும் அந்த மலைக்காரிதான். வெளியூரில் செத்துப்போனவர்களை வீட்டுக்கு எப்படி அழைத்துவருவது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உயிர் போன இடத்தில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வண்டியில் பக்கத்து இடத்தைக் காலியாக விட வேண்டும். ஒவ்வொரு பாலத்திலும், பாலம் வருது, தாண்டி வா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆவி தண்ணீரைத் தாண்டாது. அந்தக் கரையிலேயே நின்றுவிடும்.

மாங்காயைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சின்ன ஓடைப் பாலமும் சேத்தா மாமா?"

"தண்ணி ஓடுற எல்லாமும்."

சுனி கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாதையில் மெல்ல இறங்கி வந்தாள். விரல் மடித்து மடித்து எண்ணினாள். ஒருமுறை சந்தேகம் வந்து மறுபடி மேலே போய் இறங்கினாள். பிறகு சொன்னாள்.

"இருபத்திரெண்டு."

இரண்டாவது டிக்கெட்டுக்குப் பேர் கேட்டாள். துவான் என்றான். வயது பத்தொன்பது என்றான். காலி இடத்துக்கு வயது எதற்கென்று அவள் கேட்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

"டிரைவர் நம்ம ஆளுதான். பாலம் வந்தா தட்டி எழுப்பச் சொல்லிர்றேன். நீங்க பாட்டுக்குக் கண்ணசந்து வாங்க மாமா. மொகமெல்லாம் வீங்கிக் கெடக்கு."

"தூங்க மாட்டேன்" என்றான் உதோம்.

பத்தொன்பது நாளைக்கு முன்னால் மலை வளைவில் வண்டி சறுக்கித் துவான் ஆற்றில் விழுந்தாள் என்று சேதி வந்தபோது, அவன் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் மூட்டை சுமந்திருந்தான். அப்படியே போய், அவளைக் கிடத்தியிருந்த வண்டியில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தான். முதல் வளைவில் கண் சொருகியது. விழித்தபோது வீட்டு வாசல்.

பெண்டாட்டி ஓடிவந்து முதலில் கேட்டது, "பாலத்துக்குப் பாலம் சொல்லிக் கூட்டியாந்தியா?" என்றுதான்.

ஆமாம் என்றான்.

அன்றிலிருந்து அவள் கனவில் துவான் ஏதோ ஓர் ஆற்றங்கரையில், முதுகில் பையோடு நிற்கிறாள். ஏன் உள்ளே வராமல் நிற்கிறாள் என்று தினம் காலையில் அவனிடம்தான் கேட்கிறாள்.

டிக்கெட்டுகளைத் தாளோடு சேர்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து, உள்ளங்கையில் இடம் போதாமல், மணிக்கட்டைத் தாண்டி முழங்கைவரை இருபத்திரண்டு கோடுகள் போட்டான்.

துவானுக்கு அவன் பாக்கி, முப்பத்தொரு பாலம்.