தூரம் கொடுக்காத கணக்கு

"கேள்வி தப்பு மேடம். தூரத்தையே கொடுக்கல."

வெங்கடரமணன் அரையாண்டுத் தேர்வு வினாத்தாளை மேசைமேல் தள்ளினார். அது ஸ்டென்சில் வெட்டப் போகுமுன், மூத்த இயற்பியல் ஆசிரியர் என்ற முறையில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். வினாத்தாளைத் தயாரித்த நாகமணி மேடம் அவருடைய சொந்த மனைவி.

மனைவிதான். ஆனால் இருபது நாளாக அவள் விளாங்குடியில் அம்மா வீட்டில், இவர் கே.கே. நகரில். அவள் தம்பியின் நிச்சயதார்த்தத்துக்கு இவர் பந்தியெல்லாம் முடிந்த பிறகு போய் நின்றதில் கிளம்பிய சண்டை. யார் முதலில் இறங்கி வருவது என்பதில் இரண்டு பேருக்கும் அப்படியொரு வீம்பு. வீட்டில் சௌராஷ்டிரத்தில் கொஞ்சிக்கொள்கிறவர்கள், பள்ளியில் சாரும் மேடமுமாகத் தமிழில் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். பாவம், இவருக்கு ஓட்டல் சோறு தொண்டையில் இறங்கவில்லை. வீட்டுக்கு வா என்று கூப்பிட வாயும் வரவில்லை.

"தூரம் வேண்டியதில்ல சார். முழுசாப் படிச்சுப் பாருங்க."

ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. படித்தார். தலா நான்கு மைக்ரோகூலும் நேர் மின்னூட்டம் கொண்ட இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. நட்டநடுவில் அளவு தெரியாத மூன்றாவது மின்னூட்டம் ஒன்றை வைத்ததும் எல்லாம் அசையாமல் நின்றுவிடுகின்றன. அந்த மூன்றாவதன் அளவு என்ன?

கூலும் விதியை எழுதிப் போட்டார். இரண்டு பக்கமும் இருந்த தூரம் அடிபட்டுப் போனது. அவர் முகத்தில் அசடு வழிந்தது.

"மைனஸ் ஒண்ணு" என்றார்.

"ஒண்ணேதான். எம்புட்டுத் தூரத்துல இருந்தாலும் அதான் விடை."

அவள் குரல் இளகியிருந்தது. அவருக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஓகோ, நடுவில் ஆள் வைக்கிறாளாக்கும். இதற்காகவே காத்திருந்தவர்போல் சௌராஷ்டிரத்துக்குத் தாவிவிட்டார்.

"சமாதானம் பேச உங்க ராஜகுரு மாமாவை அனுப்பப் போறியா? வேணாம் நாகு. தப்பு என்மேலதான். நமக்கு நடுவுல மூணாவது ஆள் எதுக்கு? நீ வந்தாப் போதும்."

இருபது நாளாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. நாகமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளும் சௌராஷ்டிரத்திலேயே பதில் சொன்னாள்.

"சாயங்காலமே வாரேங்க. ஆனா மூணாவது ஆள் வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க. எட்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் நம்ம வீட்டுக்கு வர மனசு வச்சிருக்கு, வந்து சேர இன்னும் ஏழு மாசம் ஆகும்."