கார்பனின் சொந்தப் பாட்டு

"இது உன் பாட்டு இல்ல தம்பி. எனக்கு நல்லாத் தெரியும்."

ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவன் கிட்டாரைத் தோளிலிருந்து இறக்கினான்.

ராக் பாடகன் அவன். காலையில் ஒரு வேலை, அது முடிந்து மதியம்தான் பாட வருவான். முதல் ஆல்பத்தில் பத்துப் பாட்டு. ஏழு, பிறர் பாடிப் புகழ்பெற்ற கவர் பாட்டுகள். மூன்று சொந்தம். அதில் இரண்டை 'எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு' என்று கம்பெனி தூக்கிவிட்டது. மிச்சம் இது ஒன்று. இதுவும் போனால் ஆல்பம் முழுக்க அடுத்தவர் சரக்கு. கார்பன் காப்பி என்று கிண்டலாக நண்பர்கள் வைத்த 'கார்பன்' என்ற பட்டப்பெயர் ஆயுசுக்கும் போகாது.

கதவைத் திறந்துகொண்டு இந்தப் பக்கம் வந்தான் கார்பன்.

"அண்ணே, சத்தியமா நானே போட்ட மெட்டு. ரெண்டு வருஷமா மண்டைக்குள்ள ஓடுது."

"ஓடும். எங்கேயோ கேட்டிருப்ப, மறந்திருப்ப. நீ ரெண்டாவது சரணம் ஆரம்பிக்கிறதுக்குள்ள எனக்கு அது வாய்ல வருதே, எப்படி?"

முனகியும் காட்டினார். ஒரு சுரம் பிசகவில்லை.

கார்பனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஊர்ப்பட்ட பாட்டுகளைக் காதில் அடைத்து வைத்திருப்பவன். எது வெளியிலிருந்து வந்தது, எது உள்ளே முளைத்தது என்று யார் கண்டது? எங்கே கேட்டீர்கள் என்றான். தன் வீட்டு அடுப்படியில் என்றார் அவர். மனைவி ஒரு வருடமாக இதைத்தான் முணுமுணுக்கிறாராம். கையோடு வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மெட்டை ஓடவிட்டார்.

மனைவி சிரித்தார். "இதுவா? ஆறேகால் பஸ் டிரைவர் விசிலடிக்கிற பாட்டுங்க. தினம் வேலைக்குப் போறப்போ கேட்டுக் கேட்டு எனக்கும் ஒட்டிக்கிச்சு."

ஒலிப்பதிவாளர் நாற்காலியில் சாய்ந்தார். அப்படியானால் பாட்டு டிரைவருடையது. அந்த ஆளைத் தேடிப் பிடித்து அனுமதி எழுதி வாங்கி வந்தால் எட்டாவது கவர் பாட்டாகச் சேர்க்கலாம், இல்லாவிட்டால் வெட்டுதான் என்று முடித்துவிட்டார்.

போனில் அந்தம்மா இன்னும் ஓயவில்லை. "அந்த ஆளைப் பார்த்தா நானும் விசாரிச்சேன்னு சொல்லுங்க. விசில் என்னமோ அருமைதான், பிரேக் போட்டா பல்லு பேந்துடும். நேத்து பையைத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றேன், கண்ணாடில பார்த்துட்டே கிளப்பிட்டான்."

கார்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"மாட்டிக்கிட்டான் பாரு, முழி பிதுங்குது," என்று மனைவிக்கு வர்ணித்தார் ஒலிப்பதிவாளர்.

கார்பன் மெல்லப் போன் பக்கம் குனிந்தான்.

"மன்னிச்சுக்குங்க அக்கா. நாளைக்கு நீங்க வந்து ஏறுற வரைக்கும் பஸ்ஸை எடுக்க மாட்டேன்."