தாபாயிக்கு அர்த்தம்

“தாபாயி. இது எந்தப் பாஷை, பிள்ளைவாள்?”

கேட்டவர் பார்வத்தியக்காரர் கிருஷ்ணன்குட்டி, ஊர் அதிகாரி. பாஷைகளில் புலி என்று பேரெடுத்த நெல்லையப்ப பிள்ளையை ஆளனுப்பி வரவழைத்திருந்தார். பிள்ளை தாழை முள் ஏறிய குதிகாலில் மஞ்சள் துணி சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து உட்கார்ந்தார்.

கொல்லம் ஆண்டு 1085, மீன மாத வறட்சி. குளத்தூர்க் குளத்தின் கரையை யாரோ இரவோடு இரவாக வெட்டிவிட, ஊர்த் தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டது. தாழைப் புதர் மண்டிய அந்தக் கரையில் நின்று “தாபாயி” என்று கத்திய கூலிக்காரன் சுயம்பு பிடிபட்டான். ஆட்டை விரட்டிய சத்தம் என்று அவன் சாதித்தான். திருட்டுச் சங்கேதம் என்றான் காவல்காரன்.

அது வெறும் சத்தம்தான் என்று பிள்ளை சொன்னால் போதும், சுயம்பு வீட்டுக்குப் போகலாம். அதைச் சொல்லத்தான் பிள்ளையும் வந்தார். பள்ளிக்கூட நாளில் வாத்தியாருக்குப் புரியாமல் பேச அவரும் சுயம்பும் இன்னும் சில பயல்களும் சேர்ந்து கட்டிய பாஷை அது.

“அர்த்தமில்லாத சத்தமாக்கும். ஆட்ட வெரட்டினது.”

பார்வத்தியக்காரர் சிரித்தார். பிள்ளைக்கும் பிடிபடாத சொல் உண்டு போலிருக்கிறது என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

பிள்ளைக்குச் சுருக்கென்றது. படித்த மனுஷரின் வாய் சும்மா இருக்குமா? முன்பாதி ‘தாவ்’, வடமொழியில் ஓட்டம் என்று ஆரம்பித்தார். பின்பாதி ‘பாய்’, பழந்தமிழில் விரைந்து ஓடுவது, மலையாளத்தில் இன்றைக்கும் அதுவே என்று வேர்வரை தோண்டிவிட்டார்.

“அப்போ ஓடிக்கோன்னு அர்த்தம், அல்லே?”

அப்போதுதான் உறைத்தது. பிள்ளைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

யாரை ஓடச் சொன்னாய் என்று அதட்டியும் மிரட்டியும் பார்த்தார்கள். சுயம்பு வாயைத் திறக்கவில்லை. நெய்யாற்றின்கரைச் சிறைக்குக் கொண்டுபோக விலங்கு மாட்டினார்கள்.

பாவம் செய்துவிட்டேனே என்று பிள்ளையின் நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. நிமிர்ந்து பார்க்க முகமில்லாமல் வாசல்வரை கூடவே போனார்.

சுயம்பு அவர் காதோரம் குனிந்தான்.

“பேடிக்காத மக்கா, ஒனக்க பேரு எனக்க வாயில இருந்து வராது.”